எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்

வாசலில் பாரா நிற்கும் காவலரிடம் பெரும்பாலோர் கேட்பது, "இன்ஸ்பெக்டர் இருக்காருங்களா?" என்றுதான். இருப்பார், இல்லையென்றால் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார். எப்படியானாலும் கடைசியில் அவர்கள் வந்து உட்காரும் இடம் ரைட்டர் மேசைக்கு எதிரே கிடக்கும் பெஞ்சுதான். ஈரோடு, நாமக்கல் பக்கம் பல நிலையங்களில் அந்த மேசையில் வேலை பார்த்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். ஜி.டி. என்னும் பொது நாட்குறிப்பு எழுதுவது, டூட்டி போடுவது, கோர்ட்டுக்குத் தபால் அனுப்புவது, கைப்பற்றிய பொருளுக்குக் கணக்கு வைப்பது என்று ரைட்டருக்கு வேலை ஓயாது. அதில் எனக்குப் பிடித்ததும், நான் மிகவும் பயந்து செய்ததும் ஒரே வேலைதான். வந்தவர் வாயால் சொல்வதைக் கேட்டு எழுத்தில் இறக்குவது.

பயத்துக்குக் காரணம் உண்டு. அந்தத் தாள் எஃப்.ஐ.ஆரோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு ஒரு எழுத்தை மாற்ற முடியாது. நாலைந்து வருஷம் கழித்து எதிரித் தரப்பு வக்கீல் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப சொல்றீங்களே, இதை அன்னைக்கு ஏன் சொல்லல?" என்று கேட்பார். அன்றைக்குச் சொல்லாததைச் சொன்னாலும் சிக்கல், நடக்காததைச் சொல்லியிருந்தாலும் சிக்கல்.

எழுதிக் கொண்டுவந்தால்தான் புகார் வாங்குவார்கள் என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். தாலுகா ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கி வருவார்கள். பெறுநர், பொருள், வணக்கம், இப்படிக்கு எல்லாம் முறையாக இருக்கும். என்ன நடந்தது என்பது மட்டும் இரண்டு வரியில் முடிந்திருக்கும். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. வாயால் சொன்னால் போதும். நிலையத்தில் எழுதிக்கொண்டு, சொன்னவருக்கே படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 154ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173ஆம் பிரிவு.

செயின் பறிப்புப் புகார் ஒன்றைச் சொல்கிறேன். கோயிலுக்குப் போய்விட்டுத் தோட்டத்து வழியாக நடந்து வந்த அம்மா. கழுத்தில் சிவந்த கோடு, அதில் பொட்டுப் பொட்டாக ரத்தம். கூட வந்திருந்த அண்ணன் மகன் அவரைப் பேசவே விடவில்லை. "ரெண்டு பேருங்க ஏட்டையா. கத்தியக் காட்டி மிரட்டுனாங்கன்னு எழுதுங்க, அப்பத்தான் கேஸ் நிக்கும்." நான் அவரைத் தண்ணீர் பிடித்து வரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"கத்தியப் பாத்தீங்களாம்மா?"

"இல்லீங்க. கையத்தான் பாத்தேன்."

"எத்தனை பேரு?"

"வண்டியில ஒருத்தன்தானுங்க. எம் மருமகன் ரெண்டு பேருங்கறான், அவன் எங்கீங்க பாத்தான்?"

"கையில என்ன பாத்தீங்க?"

"பெருவிரல் நகம் கருத்துக் கெடந்துச்சுங்க. கல்லுல நசுங்குன மாதிரி. எந்தக் கைன்னா..." என்று தன் தோளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் அந்த இழுப்பைத் திரும்பச் செய்து பார்த்தார். "வலது கையிங்க."

ஆள் ஹெல்மெட் போட்டிருந்தான். முகம் தெரியாது, வண்டி நம்பர் தெரியாது. ஆனால் அந்த நகம் புகாரில் ஏறியது. அறுந்த சங்கிலியின் ஒரு துண்டு அவர் முந்தானையில் முடிந்திருந்தது. அதையும் எழுதி, அங்கேயே கைப்பற்றினோம். எத்தனை பவுன் என்று கேட்டதற்கு மூன்று என்றார். எப்போதாவது அடகு வைத்தீர்களா என்று கேட்டேன். கூட்டுறவு வங்கியில் வைத்து மீட்ட ரசீது வீட்டில் இருந்தது. அதில் 22.4 கிராம் என்று இருந்தது, மூன்று பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ரசீதில் இருந்த எடைதான் புகாரிலும் ஏறியது. பிறகு பிடிபட்டவன் லேத் பட்டறையில் வேலை செய்தவன். உருக்கக் கொடுத்த இடத்தில் உருக்காமல் மிச்சமிருந்த பாதியும் கிடைத்தது. இரண்டு துண்டும் அறுந்த இடத்தில் பொருந்தின, எடையும் பொருந்தியது. அண்ணன் மகன் சொன்னபடி எழுதியிருந்தால், இரண்டாவது ஆள் எங்கே, கத்தி எங்கே என்று தேடுவதிலேயே அந்த வழக்கு தேய்ந்திருக்கும். பறிப்புக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. திருட்டிலோ வழிப்பறியிலோ சேர்த்துப் போடுவோம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 304ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது.

பொருள் போன வழக்கு எதுவானாலும் பொருளின் அடையாளம்தான் உயிர். நகைக்கு எடை, ரசீது, அதைப் போட்டுக்கொண்டு எடுத்த கல்யாணப் போட்டோ. வண்டிக்கு என்ஜின் நம்பர், சேஸ் நம்பர். செல்போனுக்கு ஐ.எம்.இ.ஐ. எண், அது வாங்கிய பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கும். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் சி.இ.ஐ.ஆர். தளம் இருக்கிறது. புகார் நகலோடு அந்த எண்ணைப் பதிந்தால் போனை எந்த சிம்மிலும் வேலை செய்யாமல் முடக்கலாம். பொருளின் மதிப்பையும் உள்ளபடி சொல்லுங்கள். புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டுக்குத் தனி நடைமுறை வந்துவிட்டது. இன்னொன்று, திருடு போனதைத் தொலைந்தது என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். தொலைந்த ஆவணத்துக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே அறிக்கை எடுத்துக்கொள்ளலாம், நிலையத்துக்கு வரவே வேண்டாம். பையை அறுத்து எடுத்திருந்தால் அது திருட்டு. அலைச்சலுக்குப் பயந்து அதைத் தொலைத்ததாக எழுதிக் கொடுத்தால், அந்த பஸ் ஸ்டாண்டில் பை அறுக்கிறவன் இருப்பதற்கே காகிதத்தில் சாட்சி இல்லாமல் போய்விடும்.

அடிதடியில் போலீசுக்கு முன்பே புகாரை எழுதிவிடுவது அரசு ஆஸ்பத்திரி. இது பலருக்குத் தெரியாது. அடிபட்டவரைப் பார்க்கும் டூட்டி டாக்டர், எப்போது, எங்கே, யார், எதனால் என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுவார். நாங்கள் ஏ.ஆர். காப்பி என்போம். "தெரிந்த நபர்கள் இருவர், கட்டை, மாலை ஆறரை மணி" என்று ஒரே வரிதான் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து மெமோ வந்து நாங்கள் போய்க் கட்டிலருகே உட்காருவதற்குள் சொந்தபந்தம் கூடிவிடும். இரண்டு பேர் ஆறு பேராகியிருப்பார்கள். அன்றைக்குத் திருப்பூரில் வேலைக்குப் போயிருந்த எதிரியின் மூத்த மகன் பெயரும், பங்காளி வீட்டுக் காலேஜ் பையன் பெயரும் சேர்ந்திருக்கும். கட்டை அரிவாளாகியிருக்கும். எதிர்த்தரப்பும் இன்னொரு வார்டில் படுத்துக்கொண்டு இதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். நான் ஏ.ஆர். காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பேன். "டாக்டர்கிட்ட ரெண்டு பேருன்னு சொல்லியிருக்கீங்க. மிச்ச நாலு பேரும் எப்ப வந்தாங்க?" என்று கேட்பேன். கோபப்படுவார்கள். அந்தப் பக்கத்துக்காரனிடம் நான் காசு வாங்கிவிட்டதாக வெளியே போய்ச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்த நாலு பேரைச் சேர்ப்பதால் எதிரிக்கு ஒன்றும் குறைந்துவிடாது. உண்மையாக அடித்த இரண்டு பேரும் அந்த நாலு பேரோடு சேர்ந்து விடுதலையாவார்கள். அடி வாங்கியவருக்குத் தையல் போட்ட தழும்பு மட்டும் மிஞ்சும். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ரைட்டர்கள் தரப்பிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. வாதி என்ன சொன்னாலும், "அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கைகளால் அடித்து, இன்றோடு உன்னை ஒழித்துவிடுகிறேன் என்று கொலை மிரட்டல் விடுத்து" என்று ஒரே அச்சில் எழுதுவது. பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2) என்று தமிழ்நாட்டில் எந்த நிலையத்தில் கேட்டாலும் தூக்கத்தில் சொல்வார்கள். புதிய சட்டத்தில் எண்கள் மாறின, வாசகம் மாறவில்லை. என்ன வார்த்தை, எந்த இடத்தில், யார் காதில் விழ என்று இல்லாத புகாரில் திட்டியதற்கான பிரிவு நிற்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பெண்கள் அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லக் கூசுவார்கள், நியாயம்தான். நான் பெண் காவலரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். வந்து பார்த்தால் தாளில் அந்த வார்த்தை அப்படியே இருக்கும். எழுத்துப்பிழையோடு, சொன்ன ஊர்வழக்கோடு இருக்கும். அந்தத் தாள் கோர்ட்டில் பேசும்.

எழுதி முடித்ததும் படித்துக் காட்டுவதுதான் நான் விட்டுக்கொடுக்காத வேலை. நிலையத்தில் அவசரம் எப்போதும் இருக்கும். "கடைசியில கையெழுத்துப் போடுங்க" என்று தாளை நீட்டுவார்கள். "படிக்கக் கேட்டேன், சரியாக உள்ளது" என்ற வரியும் முன்பே எழுதியிருக்கும். போடாதீர்கள். படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்கத் தெரிந்தவர் நீங்களே வாங்கிப் படியுங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், வாய்மொழிப் புகாரை எழுதிக் கையெழுத்து வாங்குமுன் படித்துக் காட்டுவது அரசு ஊழியரின் கடமை என்றே 4ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டால் தண்டனை உண்டு. அந்தச் சட்டத்தில் வழக்குப் பதிய முன்விசாரணையும் தேவையில்லை. தலித் குடியிருப்பிலிருந்து வருகிறவர் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதைச் சொல்லும்போது அதை "தகாத வார்த்தை" என்று சுருக்கி எழுதினால் வழக்கின் உயிரே போய்விடும் என்பது எழுதுகிற எங்களுக்குத் தெரியும். கேட்கிற அவர்களுக்கும் தெரிய வேண்டும். அதற்குத்தான் படித்துக் காட்டுவது.

தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஆர். படிவத்தில் தாமதத்துக்கான காரணம் என்று ஒரு கட்டமே உண்டு. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த துலியா காளி வழக்கு நம் தமிழ்நாட்டுக் கொலை வழக்குதான். சம்பவம் நடந்து 20 மணி நேரத்துக்கு மேல் கழித்துப் புகார் வந்தது. கீழ்க்கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் குற்றவாளி என்று சொன்னவரை, 1972இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. தாமதமான புகாரில் சோடனை ஏறிவிடும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்கலாம் என்று நிறுத்தி வைத்தார்களா, ஆஸ்பத்திரியில் கிடந்தீர்களா, பெண் பிள்ளை விஷயம் என்று வீட்டில் யோசித்தீர்களா? எதுவானாலும் அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லி எழுத வையுங்கள். காரணம் சொன்ன தாமதத்தைக் கோர்ட் புரிந்துகொள்ளும்.

இனி ரசீது. புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது தருவார்கள். அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கேஸ் போட்டாச்சு என்று நம்பி ஊருக்குப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது வழக்கு இல்லை. மனு வந்தது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். என்றால் குற்ற எண், ஆண்டு, சட்டப் பிரிவு மூன்றும் இருக்கும். சி.எஸ்.ஆரில் பிரிவு இருக்காது. நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. குடும்பத் தகராறு, கொடுக்கல் வாங்கல் போன்ற சிலவற்றில் மட்டும் முதலில் விசாரிக்க இடம் கொடுத்தது. புதிய நடைமுறைச் சட்டத்தில், மூன்று வருஷம் முதல் ஏழு வருஷத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முன்விசாரணை செய்யலாம். அதற்கு மேல் "வாங்க, நாளைக்கு வாங்க" என்று இழுக்க வழி இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஜெராக்ஸ் எடுக்கவும் காசு கேட்கக் கூடாது.

ஏமாந்த புகார்களை எழுதுவதுதான் மனசுக்குக் கனமானது. திருட்டுக் கொடுத்தவருக்குக் கோபம் இருக்கும், ஏமாந்தவருக்கு வெட்கம்தான் இருக்கும். அந்த வெட்கத்தால் பாதியை மறைத்துவிடுவார். வங்கி வாசலில் பத்து ரூபாய் நோட்டைக் கீழே போட்டு "உங்க பணமா பாருங்க" என்று சொல்லி வண்டிப் பெட்டியில் இருந்ததை எடுத்துக்கொண்டு போவது. "முன்னாடி ஒரு கொலை நடந்திருக்கு, நகையக் கழட்டிப் பத்திரமா வைங்க, நான் போலீசு" என்று சொல்லிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது. வீட்டில் பிரித்தால் கூழாங்கல் இருக்கும். பாத்திரத்துக்குப் பாலீஷ் போடுகிறேன் என்று வந்து தாலிச் சங்கிலியில் தங்கத்தைக் கரைப்பது. இவையெல்லாம் அதே ஆட்கள், அதே வார்த்தைகளோடு ஊர் ஊராகச் செய்வது. அதனால்தான் அவன் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொல்லச் சொல்வேன். அந்த வாக்கியம் அடுத்த மாவட்டத்துப் புகாரில் இருக்கும். "நானே கழட்டிக் குடுத்தேன்" என்பதை மறைத்துப் "பறிச்சுட்டான்" என்று எழுதினால் தேட வேண்டிய கும்பலே மாறிவிடும்.

பெரிய ஏமாற்று வேறு வகை. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டவர்கள் நின்ற வரிசையைக் கொங்கு நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி முதலீட்டு மோசடிக்குப் பொருளாதாரக் குற்றப் பிரிவு இருக்கிறது. முதலீட்டாளர் நலனைக் காக்க 1997இல் தமிழ்நாடு கொண்டுவந்த தனிச் சட்டமும் இருக்கிறது. ஊரே சேர்ந்து ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தால் போதாது. ஒவ்வொருவரும் தன் ஒப்பந்தம், தன் ரசீது, பணம் கொடுத்த தேதி ஆகியவற்றோடு தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஏலச்சீட்டில் ஏமாந்தாலும் சீட்டு நோட்டை எடுத்து வாருங்கள். அது பதிவு செய்த சீட்டா என்பதுதான் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷங்களில் மேசைக்கு வந்ததில் பெரும்பகுதி போனில் போன பணம். இதில் நிலையத்துக்கு ஓடி வருவது முதல் வேலை இல்லை. முதலில் 1930க்குப் போன் செய்யுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதியுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நிமிஷக் கணக்கில் தாவும். வங்கியில் நிறுத்தி வைக்க அந்த நேரம்தான் உதவும். கையில் வைத்திருக்க வேண்டியது பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண். வெட்கத்தில் மெசேஜை அழித்துவிடாதீர்கள், அதுதான் சான்று. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை வீடியோ காலில் உட்கார வைத்து, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டி, அறைக்கதவைச் சாத்தச் சொல்லி, வீட்டுக்காரம்மாவிடம்கூடப் பேசவிடாமல் வைத்திருந்தார்கள். எங்களிடம் வந்தபோதும் அவர் குரல் தாழ்ந்தே இருந்தது. "நான் தப்பு ஒண்ணும் பண்ணலீங்க சார்" என்றுதான் ஆரம்பித்தார். வீடியோ காலில் கைது செய்ய இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. எந்த அதிகாரியும் போனில் பணம் கேட்க மாட்டார்.

பெண்களும் குழந்தைகளும் சம்பந்தப்பட்ட புகாரில் விதிகள் வேறு. சாட்சியாக விசாரிக்க என்று பெண்ணை நிலையத்துக்கு அழைக்கக் கூடாது, அவர் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. ஆனால் மகளிர் நிலையம்தான் வாங்க வேண்டும் என்று மற்ற நிலையம் திருப்பி அனுப்பவும் கூடாது. பாலியல் குற்றம், ஆசிட் வீச்சு போன்ற புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு 6 மாதத்துக்குக் குறையாத சிறை என்று 2013இல் சட்டம் வந்தது, இப்போதும் இருக்கிறது. குழந்தை என்றால் போக்சோ சட்டப்படி கூடுமானவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், குழந்தை வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். பெற்றோர் அவசரத்தில் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்துவிடுகிறார்கள். வேண்டாம். 1098க்குப் போன் செய்தாலும் போதும்.

"எங்க எல்லை இல்லை" என்ற பதிலைக் கேட்டு அலையாதவர் குறைவு. சேலத்தில் பஸ் ஏறி, கோவையில் இறங்கும்போது பையில் நகை இல்லை. எங்கே போனது என்று பயணிக்கு எப்படித் தெரியும்? எந்த எல்லையில் நடந்திருந்தாலும் வந்த நிலையத்தில் பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று கேளுங்கள். மின்னஞ்சல் வழியாகவும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியும் வாங்க மறுத்தால், அதே புகாரை எஸ்.பி.க்கோ நகரத்தில் கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தத் தபால் ரசீது பத்திரம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எஸ்.பி.க்குப் போகாமல் நேராகக் கோர்ட்டுக்குப் போனால், முதலில் அங்கே போனீர்களா என்றுதான் கேட்பார்கள்.

வழக்குப் பதிந்த பிறகு என்ன ஆனது என்று கேட்கவும் உரிமை உண்டு. 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும், போனில் சொன்னாலும் சரி. எனவே புகாரில் போன் நம்பர் சரியாக இருக்க வேண்டும். திருட்டு வண்டி கிடைத்து, உரிமையாளருக்குப் போன் செய்தால் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வரும். வாடகை வீட்டையும் மாற்றியிருப்பார். வண்டியை இடைக்காலமாகத் திருப்பி வாங்க அவர்தான் கோர்ட்டில் மனு போட வேண்டும், ஆளே கிடைக்காமல் நாங்கள் என்ன செய்வது? நம்பர் மாறினாலும் வீடு மாறினாலும் நிலையத்துக்கு ஒரு போன் செய்து, குற்ற எண்ணையும் ஆண்டையும் சொல்லி மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ரைட்டர் கேஸ் கட்டில் எழுதிக்கொள்வார்.